புறாத் தீவின் முருகைக் காடு

நாம் பவளப்பாறை என்று எழுதுவதை இலங்கைத் தமிழர் முருகைக்கற்பாறை என்று எழுதுகின்றனர். இராமநாதபுரத்துக் கடலோடிகள் இரண்டையும் சொல்வதில்லை. ‘பார்’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்வார்கள். மூன்றனுள் எனக்குப் பிடித்தது இலங்கையாரின் சொல்லே. பவளம் என்றவுடன் நம் வீட்டுப் பெண்களின் நினைவுக்கு வருவது மாலையில் கோத்த சிவப்பு மணி. அந்தச் சிவப்புப் பவளம் நம் கடலில் விளைவதன்று. அது மத்தியதரைக் கடலிலிருந்து வணிகர் கொண்டுவந்த சரக்கு. நாம் முத்தைப் போற்றுவதுபோல் இந்தியர் பவளத்தைப் போற்றுகின்றனர் என்ற கருத்தில் உரோமானிய எழுத்தாளர் பிளினி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தார். நம் கடலின் பாறைகளைக் கட்டுவது வேறு இனம். பழுப்பு, பச்சை, மங்கிய மஞ்சள், அபூர்வமாக ஊதா என்பவையே அதன் நிறங்கள். சிவப்பைத் தேடிப் போகிறவர் ஏமாந்துதான் திரும்புவார்.

அர்ரஹ்மான் அத்தியாயத்தில் முத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் ‘மர்ஜான்’ என்ற சொல்லுக்குப் பவளம் என்றே பெரும்பாலோர் பொருள் கொள்கின்றனர். சிறிய முத்து என்று உரை செய்த முன்னோரும் உண்டு. ஆண்டுதோறும் மாணவர்களுக்கு இந்த இரு கருத்தையும் சொல்லி வருகிறேன். ஆனால் நாற்பது வயதைத் தாண்டும் வரையில் உயிருள்ள பவளத்தை நான் கண்டதில்லை. ஆவடியை அடுத்த சேக்காட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு நீர் என்றால் ஏரி. கடல் என்பது மின்சார ரயிலேறிச் சென்று மாலைக் காற்று வாங்கித் திரும்பும் இடம்.

சென்ற ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையில் இலங்கை செல்லும் வாய்ப்பு அமைந்தது. என்னுடன் ஓதிய நண்பர் ஒருவர் திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவில் இருக்கிறார். பல ஆண்டுகளாக அழைத்துக்கொண்டிருந்தார். சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரந்தான். அதற்கப்பால் திருகோணமலைக்குச் சாலைவழி 260 கிலோமீட்டருக்கு மேல். குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று பேருந்து போய்க்கொண்டே இருந்தது. கந்தளாயில் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடந்த நீர்ப்பரப்பைக் காட்டி, “எவ்வளவு பெரிய ஏரி!” என்று என் துணைவியார் வியந்தார். பக்கத்து இருக்கைப் பெரியவர் புன்னகையோடு, “அது குளம்” என்று திருத்தினார். நம் ஏரியெல்லாம் அங்கே குளம். அவ்வளவு பெரிய நீரைக் குளம் என்கிறவர்களிடம் சேக்காட்டு ஏரியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

கிண்ணியா முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். திருகோணமலையிலிருந்து அங்கே செல்லும் வழியில் 396 மீட்டர் நீளப் பாலம் ஒன்று உண்டு. சவூதி அரேபியாவின் நிதியுதவியில் கட்டப்பட்டு 2009-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதற்கு முன் ஊரார் படகுத் துறையை நம்பியே வாழ்ந்தனர். பெயர் ஒலியில் நெருங்கிய கன்னியா வேறு இடம். வெந்நீர் ஊற்றுகள் இருப்பது அங்கே. முதன்முறை செல்வோர் இரண்டையும் குழப்பிக்கொள்வது வழக்கமாம். இன்னொரு வேறுபாட்டையும் சொல்லிவிடுகிறேன். இங்கே என்னை ஹஜ்ரத் என்பார்கள். அங்கே எல்லோருக்கும் நான் மௌலவி. என் துணைவியார் ஒரே நாளில் ஊருக்கெல்லாம் ‘ராத்தா’ ஆகிவிட்டார்.

நிலாவெளிக் கடலில் புறாத் தீவு என்று ஒன்று இருப்பதையும், அங்கே முகக்கண்ணாடி அணிந்து நீரில் மிதந்தபடியே முருகைக் காட்டைப் பார்க்கலாம் என்பதையும் நண்பரின் மனைவிதான் முதல் நாள் இரவு உணவின்போது சொன்னார். கேட்டதும், “நாமும் போய்ப் பார்ப்போமே” என்றார் என் துணைவியார். நான் உடனே விடை சொல்லவில்லை. அவருக்கு நீந்தத் தெரியாது என்பது ஒரு காரணம். சுற்றுலாப் பயணிகள் எப்படியெல்லாம் உடுத்தித் திரிவார்களோ, அந்தக் கூட்டத்தின் நடுவே ஒரு மதரஸா ஆசிரியர் தம் மனைவியை அழைத்துச் செல்வதா என்பது மற்றொன்று. ஊரில் தெரிந்தால் பேசுவார்கள். பிள்ளைகளை ஓத அனுப்பும் பெற்றோரின் நாவுக்கு அஞ்சாத ஆசிரியர் உண்டா?

அவர் வாதாடவில்லை. “உம்மு ஹராம் அவர்களைப் பற்றி நீங்கதானே பெண்களுக்கான பயானில் சொன்னீங்க?” என்று மட்டும் கேட்டார்.

உம்மு ஹராம் பின்த் மில்ஹான் (ரலி) அவர்களின் வரலாறு வாசக சகோதரிகள் பலர் அறிந்ததே. தம் சமுதாயத்தார் கடலேறிச் செல்வார்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தபோது, அவர்களுள் தாமும் ஒருவராக இருக்கப் பிரார்த்திக்குமாறு வேண்டிக்கொண்ட பெண்மணி அவர். பின்னாளில் கணவர் உபாதா (ரலி) அவர்களுடன் சைப்ரஸ் தீவுக்குக் கடல் கடந்து சென்று, வாகனத்திலிருந்து விழுந்து அங்கேயே மரணமுற்றார். லார்னகா நகருக்கு அருகே உப்பேரிக் கரையில் அவருடைய அடக்கத்தலம் இன்றும் உளது. ஒரு படையெடுப்பையும் உல்லாசப் பயணத்தையும் ஒன்றாக வைத்துப் பேசலாமா என்று சட்ட நுணுக்கம் பேச எனக்கும் தெரியும். ஆனால் அவர் கேட்டது தீர்ப்பன்று. கடல் ஆண்களுக்கு மட்டும் உரிய இடமா என்பதே அவர் கேள்வி. நண்பர் தம்பதியர் உடன்வர, எங்கள் நால்வருக்கு மட்டும் தனிப் படகு பேசி, கூட்டம் சேருமுன் அதிகாலையில் செல்வதென முடிவாயிற்று. தலை முதல் கணுக்கால் வரை மூடும் நீச்சலுடை நண்பரின் மகளிடம் இருந்தது. அளவும் சரியாக அமைந்தது.

நிலாவெளி திருகோணமலைக்கு வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர். பெயரைப் போலவே ஊரும் வெளிச்சமானது. வெள்ளை மணல் நீண்டு கிடக்க, பனையும் தாழையும் நிற்க, கடல் ஓசையின்றிக் கரையைத் தொட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் இதே கடல் இந்த ஊரை வாரிச் சென்றது என்று சொன்னால் நம்புவது கடினம். இங்கே கடல் அடங்கியிருப்பது ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரைதான். நம்மூரில் ஐப்பசி மழை பெய்யும் காலத்தில் அங்கேயும் வாடைக் காற்றில் கடல் கொந்தளிக்கும், நீரும் கலங்கிவிடும்.

தீவு கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் அளவே. பெரியது, சிறியது என இரண்டு. பெரிய தீவே 200 மீட்டர் நீளந்தான். அதன் பாறை உச்சி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 45 மீட்டர் உயரம். பாறை இடுக்குகளில் மாடப்புறாக்கள் கூடு கட்டி வாழ்வதால் இந்தப் பெயர். வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் இத்தீவைத் துப்பாக்கிச் சுடும் பயிற்சிக்குப் பயன்படுத்தினர் என்பார்கள். 1963-இல் சரணாலயமாகவும், 2003-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. இலங்கையில் கடற்பகுதியைத் தேசியப் பூங்காவாக்கியதில் தெற்கே ஹிக்கடுவை முந்தியது, இது இரண்டாவது. சுற்றிலுமுள்ள கடலையும் சேர்த்துப் பூங்காவின் பரப்பு 471 ஹெக்டேர். நூறு வகை முருகைகளும் முந்நூறு வகை மீன்களும் இங்கே பதிவாகியுள்ளன.

போர் நடந்த நீண்ட காலத்தில் பயணிகள் இந்தப் பக்கம் வரவில்லை. மனிதர் வராததால் முருகைக்கு ஓய்வு கிடைத்தது என்று சிலர் சொல்லக் கேட்டேன். அப்படிச் சொல்வது எனக்கு உவப்பாயில்லை. அந்த ஓய்வுக்கு இம்மண்ணின் மக்கள், தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும், கொடுத்த விலை எத்தகையது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். 2009-இல் போர் ஓய்ந்ததும் கூட்டம் திரண்டது. மீன்பிடிப் படகோட்டியவர் பலர் பயணிகளை ஏற்றத் தொடங்கினர்.

எங்கள் படகோட்டியும் அத்தகைய குடும்பத்து இளைஞர். வனசீவராசிகள் திணைக்களத்தின் அலுவலகத்தில் நுழைவுச்சீட்டுப் பெற்றுக்கொண்டு படகேறியதும், இஞ்சினை முடுக்குமுன் நால்வரின் மிதவைச் சட்டையையும் இழுத்து இழுத்துப் பார்த்து முடிச்சிட்டார். அவ்வளவு அக்கறை ஏன் என்று நண்பரிடம் மெல்லக் கேட்டேன். 2021 நவம்பரில் கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டுமான வேலை நடந்துகொண்டிருந்தபோது, மக்களை ஏற்றிச் சென்ற மிதவைப் படகு கவிழ்ந்து பள்ளி மாணவர்கள் உட்படப் பலர் மாண்டனர். அதற்குப் பின் இந்த வட்டாரத்தில் எவரும் படகை விளையாட்டாக எண்ணுவதில்லை என்றார் நண்பர். என் துணைவியார் ஏதும் பேசாமல் தம் சட்டையின் கொக்கியை இன்னொரு முறை அழுத்திப் பார்த்துக்கொண்டார்.

பத்து நிமிடத்தில் தீவு வந்துவிட்டது. இறங்கியவுடன் கண்ணில் பட்டது மணலன்று. கரை நெடுகக் குவிந்து கிடந்த முருகைத் துண்டுகள். விரல் எலும்பு போலும், மான் கொம்பு போலும், மூளை மடிப்பு போலும் வெளுத்துக் காய்ந்த துண்டுகள். நடந்தால் கண்ணாடி வளையல் குவியலின்மேல் நடப்பதுபோல் கலகலத்தது. அழகாயிருக்கிறதே என்று குனிந்து ஒன்றை எடுத்தவரைப் படகோட்டி தடுத்தார். “மௌலவி, ராத்தா, இஞ்சயிருந்து ஒரு துண்டும் கொண்டுபோகக் கூடாது, செத்ததாயிருந்தாலும் கூடாது.” இறந்த துண்டுகளின் மேல்தான் புதிய குஞ்சு ஒட்டி வளரும் என்று காரணமும் சொன்னார். சட்டம் இவ்வளவு எளிமையாகச் சொல்லப்பட்டால் எவர் மீறுவார்?

நீருக்குள் இறங்கும் வித்தையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூக்கையும் கண்ணையும் சேர்த்து மூடும் கண்ணாடிக் கவசம் ஒன்று. வாயில் கவ்விக்கொள்ளும் வளைந்த மூச்சுக்குழாய் ஒன்று. அதன் மறுமுனை நீர்மட்டத்துக்கு மேல் நிற்கும். முகத்தைக் கவிழ்த்து மிதந்தபடி வாயால் மூச்சு விடவேண்டும். மூழ்கவேண்டியதில்லை, நீந்தவும் வேண்டியதில்லை. முதலில் மூச்சு தடுமாறும். இரண்டு நிமிடம் இடுப்பளவு மணல் தரையில் நின்று பழகினால் போதும். துணைவியார் மூன்று முறை இருமி எழுந்தார். நான்காம் முறை எழவில்லை, அப்படியே மிதந்துகொண்டிருந்தார். அவர் தலைக்கருகே நண்பரின் மனைவி மிதவை வளையத்தைப் பிடித்தபடி நின்றார்.

என் நிலைதான் சங்கடமாயிற்று. எனக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் மைனஸ் மூன்று பார்வை. கவசத்துக்குள் மூக்குக்கண்ணாடி அணிய முடியாது. பார்வைக்கேற்ற வில்லை பொருத்திய கவசம் வாடகைக்கு இல்லை. நீருக்குள் பொருள்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்பது இயற்பியல். அந்த உதவியாலும் ஒரு முழத்துக்கு அப்பாலுள்ளது எனக்கு வண்ணப் புகையாகவே தெரிந்தது. ஆகவே நீந்தத் தெரிந்த நான் பாதிக் குருடன். நீந்தத் தெரியாத அவருக்கோ கழுகுக் கண். அவர் என் முழங்கையைப் பற்றிக்கொண்டு, காணத்தக்கது எதிர்ப்பட்டால் இருமுறை அழுத்துவார். நான் அவர் சுட்டும் திக்கில் மெல்ல நெருங்கிப் பார்ப்பேன். முக்கால் மணி நேரம் இப்படியே கழிந்தது.

கண் தராததைக் காது தந்தது. கடலடி அமைதியானது என்று கதைகளில் படித்திருக்கிறோம். முருகைக் காடு ஓயாமல் ஓசையிடுகிறது. எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் எங்கும் ஒரு சடசடப்பு. ஒருவகைச் சிறு இறால்கள் தம் கொடுக்கைச் சொடுக்குவதால் எழும் ஒலி அது. அதற்கிடையே யாரோ கற்கண்டைக் கடிப்பதுபோல் கறுக், கறுக் என்று கேட்டது. முழங்கையில் இருமுறை அழுத்தம். நெருங்கினேன். பச்சையும் நீலமுமாய் ஒரு கிளிமீன், அலகு போன்ற பல்லால் பாறையைக் கொறித்துக்கொண்டிருந்தது. பாறைமேல் படர்ந்த பாசியை உண்ணும்போது கல்லையும் சேர்த்து விழுங்கி, அரைத்து, மணலாகக் கழிக்கும். நாம் கரையில் கண்டு மகிழும் வெள்ளை மணலில் கணிசமான பங்கு இவற்றின் வயிற்றைக் கடந்து வந்ததே. இதைப் படகில் சொன்னபோது பெண்கள் இருவரும் தம் உடையில் ஒட்டியிருந்த மணலை அவசரமாகத் தட்டினார்கள்.

முருகை செடியா, கல்லா, உயிரா என்ற ஐயம் பழையது. ஐரோப்பாவில் நெடுங்காலம் அதைச் செடி என்றே நம்பினர். 18-ஆம் நூற்றாண்டில் பெய்ஸொனெல் என்ற பிரெஞ்சு மருத்துவர் அது விலங்கு என்று எழுதியபோது பாரிஸ் அறிஞர் சபை ஏற்க மறுத்தது. அதற்கு ஏழு நூற்றாண்டு முன்பே, தொட்டால் உணர்கின்றது என்ற காரணத்தால் அல்பிரூனி அதை விலங்கினத்தில் சேர்த்தார் என்று அறிவியல் வரலாற்றாசிரியர் குறிப்பிடுகின்றனர். உண்மையில் இது மூன்றின் கூட்டு. ஊசிமுனை முதல் விரல்நுனி வரை அளவுள்ள பல்லாயிரம் மென்னுடல் உயிர்கள் கடல்நீரிலுள்ள சுண்ணத்தை எடுத்துத் தமக்கு வீடு கட்டுகின்றன. அவற்றின் தசைக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. வெயிலைக் கொண்டு உணவு சமைத்து அது வீட்டுக்காரனுக்குப் பெரும்பங்கு கொடுக்கும். வீட்டுக்காரன் அதற்கு இடமும் உரமும் கொடுப்பான். முருகையின் நிறமும் பெரும்பாலும் இந்தக் குடியிருப்பாளனுடையதே. பாறைபோல் திரண்ட வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளர்கின்றன. நான் அருகில் சென்று பார்த்த ஒரு திரட்சி, பெரிய பிரியாணி தேக்சாவின் அகலம் இருக்கும். என் தகப்பனார் பிறக்குமுன்பே அது வளரத் தொடங்கியிருக்கும்.

சுறாவையும் கண்டோம், சரியாகச் சொன்னால் அவர் கண்டார். துடுப்பு நுனி கறுத்த சிறு சுறாக்கள் புறாத் தீவுக்குப் பேர்போனவை. மனிதரைக் கண்டால் ஒதுங்கிப் போகும் இனம். முழங்கையில் இருமுறைக்குப் பதிலாக நகம் பதியும்படி ஒரே அழுத்தம். எனக்குத் தெரிந்தது நகர்ந்து செல்லும் ஒரு நிழல் மட்டும். மன்னார்க் கடலில் முத்துக் குளித்த காலத்தில் சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லும் மந்திரக்காரர் இல்லாமல் குளிகாரர் நீரில் இறங்க மாட்டார்களாம். அவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு கூலியாகக் கொடுக்கப்பட்டதை மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். வெள்ளையர் அரசும் அந்த வழக்கத்தைக் கைவிடத் துணியவில்லை. மந்திரத்தில் நமக்கு நம்பிக்கை இல்லை. எனினும் இடுப்பில் கயிறும் காலில் கல்லுமாக, ஒரே மூச்சில் ஆழத்துக்கு இறங்கிய நம் கீழக்கரைப் பக்கத்து முன்னோரின் அச்சத்தை, மிதவைச் சட்டையும் மூச்சுக்குழாயும் அணிந்த நான் ஏளனம் செய்வது நியாயமாகாது. 1344-இல் இலங்கை வந்த இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தி மன்னர் தமக்கு முத்துகளைக் காட்டியதை எழுதியுள்ளார். அம்முத்துகளை எடுத்தவர்களின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை.

ஒன்பது மணிக்கு மேல் படகுகள் வரிசையாக வந்து சேர்ந்தன. நாங்கள் கரையேறும் தறுவாயில் இருந்தோம். நடுவயதுப் பெண்மணி ஒருவர் மார்பளவு நீரில், கிளைவிட்ட முருகையின்மேல் இரு காலையும் ஊன்றி நின்றுகொண்டிருந்தார். அவர் கணவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். காலடியில் முறிவது எங்களுக்குத் தெரிந்தது; அவர்களுக்குத் தெரியவில்லை. அவர்கள் தமிழ் பேசுவது காதில் விழவே, என் துணைவியார் வளையத்தைப் பிடித்தபடி அருகே சென்று, “அம்மா, கீழே உயிர் இருக்குது. காலை எடுத்துக்குங்க” என்றார். அந்த அம்மையார் கோபிக்கவில்லை. அழும் நிலையில் இருந்தார். “எனக்கு நீந்தத் தெரியாதே. வேற எங்க நிக்கிறது?” என்றார்.

அந்தக் கேள்விக்கு எங்களிடம் வேறு விடையில்லை. துணைவியார் தாம் பிடித்திருந்த வளையத்தை அவரிடம் தள்ளினார். எங்கள் படகோட்டி குதித்துச் சென்று இருவரையும் மணல் தரைக்கு இழுத்துவந்தார். அந்த அம்மையாரின் மிதவைச் சட்டை அவர் வந்த படகிலேயே கிடந்தது. பவளத்தை மிதிக்கிறவரெல்லாம் அலட்சியக்காரர் என்று எண்ணியிருந்த எனக்கு அந்தக் காட்சி வேறொன்றைக் காட்டிற்று. நீந்தத் தெரியாதவரை மிதவையின்றி இறக்கினால், உயிரச்சத்தில் அவர் எதையாவது மிதித்துத்தான் நிற்பார். பலகை வைத்து எச்சரிப்பதைவிட, ஆளுக்கொரு சட்டையைக் கட்டாயமாக்கி, மணல் தரையிலிருந்து கயிறும் மிதவையும் கட்டிப் பாதை அமைப்பது பயன் தரும். அதற்குச் செலவும் பெரிதன்று.

மிதிப்பது மட்டுமே கேடு என்றால் அதைத் தடுத்துவிடலாம். பெரிய கேடு வெப்பம். கடல்நீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி மிகுந்து, அது சில வாரம் நீடித்தால் முருகை தன் குடியிருப்பாளனை வெளியேற்றிவிடுகிறது. நிறம் போய் வெள்ளையாக நிற்கும். அப்போதே இறந்துவிடுவதில்லை, பட்டினி கிடக்கும். நீர் விரைவில் குளிர்ந்தால் பிழைக்கும்; இல்லையேல் பாசி மூடிவிடும். 1998-இல் இலங்கையின் தென்மேற்குக் கரை முருகைகள் இப்படிப் பேரழிவுக்கு உள்ளாயின. ஹிக்கடுவையின் அழகு பெரும்பாலும் அப்போதே போயிற்று. திருகோணமலைப் பக்கம் தப்பியது. ஆனால் 2024 ஏப்ரலில், உலகு தழுவிய நான்காம் வெளிறல் நிகழ்வதாக அறிவியலார் அறிவித்தனர். புறாத் தீவிலும் சாம்பல் படிந்த மரக்கட்டை போன்ற பகுதிகள் நிறையவே கண்டோம். அவற்றுக்கிடையே பச்சைத் தளிர்போல் புதிய கிளைகளும் இருந்தன. எது கூடுகிறது, எது குறைகிறது என்பது ஒரு முற்பகலில் பார்த்தவன் சொல்லத்தக்கதன்று.

இந்தக் கல் இருந்தால் என்ன, போனால் என்ன என்று கேட்போருக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். ஹிக்கடுவைக்குச் சில கிலோமீட்டர் வடக்கே பெரலிய என்ற ஊர். 2004 ஆழிப்பேரலையில், அங்கே ‘சமுத்திர தேவி’ என்ற ரயில் கவிழ்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உலக வரலாற்றிலேயே மிகக் கொடிய ரயில் விபத்து அது. பின்னர் ஆய்ந்தவர்கள் கண்டது இது: முருகை பாதுகாக்கப்பட்ட ஹிக்கடுவையில் அலை இரண்டு, மூன்று மீட்டர் உயரமே எழுந்து, 50 மீட்டர் அளவே நிலத்துக்குள் வந்தது. சுண்ணாம்புச் சூளைக்காக முருகை வெட்டப்பட்டிருந்த பெரலியவில் பத்து மீட்டர் எழுந்து, ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே புகுந்தது.

சூளைக்கு வெட்டியவர்களில் நம் பக்கத்தாரும் உண்டு. தூத்துக்குடி முதல் இராமேஸ்வரம் வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். அவற்றைச் சுற்றிலும் பார். கடற்கல்லை வெட்டி வீடு கட்டியும், சுட்டுச் சுண்ணாம்பாக்கியும், தொழிற்சாலைக்கு விற்றும் பல தலைமுறை பிழைத்தது. மாலத்தீவுத் தலைநகரில் 1658-இல் கட்டப்பட்ட பழைய ஜும்ஆப் பள்ளிவாசல் செதுக்கிய முருகைக்கல்லால் ஆனது; அதைப் பார்த்தவர்கள் வியந்து பேசுவார்கள். ஒரு பள்ளிக்கு வெட்டியது வேறு, நாள்தோறும் படகு படகாக வெட்டியது வேறு. பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. காரியாச்சல்லித் தீவு 1969-இல் ஏறத்தாழ 20 ஹெக்டேர் இருந்தது. அதில் சிறு பங்கே இப்போது எஞ்சியிருக்கிறது. 1986-இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆயிற்று. 2001-இல் பவளம் சட்டத்தால் புலிக்கு நிகரான பாதுகாப்புப் பெற்றது. அதற்குப் பின்னரே வெட்டுவது மெல்ல மெல்ல ஓய்ந்தது.

நிலாவெளிப் பள்ளிவாசலில் லுஹர் தொழுதுவிட்டு, மீன் ஆணமும் சோறும் உண்டு, கிண்ணியா திரும்பினோம். கடல்நீரில் உளூச் செய்யலாமா என்று நண்பரின் சின்ன மகன் என்னிடம் கேட்டான். அவன் வயதில் நானும் கேட்ட கேள்விதான். இரவில் துணைவியார் தொலைபேசியில் எங்கள் பிள்ளைகளுக்குச் சுறாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அதன் நீளம் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு முழம் கூடிக்கொண்டு போயிற்று. மறுத்துப் பேச நான் பார்த்திருந்தால்தானே!

போக விரும்புவோர்க்கு: மே முதல் செப்டம்பருக்குள் செல்க. காலை ஏழு மணிக்குப் படகில் இருந்தால் கூட்டமிராது. வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் உள்ளூராரைவிடப் பன்மடங்கு கூடுதல். படகு வாடகை தனி. இரண்டையும் முன்னதாகவே கேட்டுத் தெரிந்துகொள்வது நலம். பிளாஸ்டிக் பொருள் கொண்டுபோக விடமாட்டார்கள். வெயில் காக்கும் களிம்புகளில் சில முருகைக்கு நஞ்சு. முழுக்கை உடுத்தும் நம் பெண்களுக்கு அது தேவையும் இல்லை. மூக்குக்கண்ணாடி அணிவோர் பார்வைக்கேற்ற வில்லை பொருத்திய கவசத்தைச் சென்னையிலேயே செய்வித்துக்கொண்டு போகவேண்டும். அடுத்த முறைக்கென நான் இப்போதே விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.